கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிஷம்!



இந்தப் பகுதியில் சமையல் குறிப்பு, கைவைத்தியம், பிள்ளை வளர்ப்பு என்று எத்தனையோ சகோதரிகள் எழுதியதைப் படித்துப் பயனடைந்திருக்கிறேன். இன்று நான் எழுதப் போவது யாருக்குமே பயன்படக் கூடாத விஷயம். ஆனாலும் தெருவுக்கு ஒரு வீட்டில் இந்தக் கஷ்டம் நடந்து கொண்டுதான் இருக்கிறது. விவாகரத்து என்று பேச்செடுத்தாலே "வாயைக் கழுவு" என்று சொல்லும் குடும்பம் எங்களுடையது. அதனாலேயே, அது வாசலுக்கு வந்து நின்றபோது என்ன செய்வதென்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெரியாமல் செய்த தப்புகளுக்கு என் தங்கை கொடுத்த விலை கொஞ்ச நஞ்சமல்ல. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதேக்கா, மத்ததெல்லாம் எழுது" என்று சொல்லிவிட்டாள்.

நான் பத்தாவது படித்தவள். சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் மூன்று வருஷம் தங்கையோடு கோர்ட்டு வராண்டாவில் உட்கார்ந்து, கேட்டுத் தெரிந்து கொண்டதை எழுதுகிறேன். நாங்கள் இந்துக்கள் என்பதால் 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டப்படி நடந்தது. கிறிஸ்தவ, முஸ்லிம் சகோதரிகளுக்குத் தனித்தனிச் சட்டம் உண்டு. ஆனால் நகை, பணம், கையெழுத்து விஷயத்தில் செய்யும் தப்புகள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

தங்கைக்கு 2014-ல் கல்யாணம். 25 பவுன் போட்டோம். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் தனியார் கம்பெனியில் வேலை. 2016-ல் பெண் குழந்தை. என்ன பிரச்சினை என்பதை விட்டுவிடுகிறேன், அது இரண்டு பக்கமும் பேசிப் பேசிச் சலித்த கதை. 2021-ல் ஒரு நாள் ராத்திரி குழந்தையைத் தூக்கிக் கொண்டு, கட்டின புடவையோடு பஸ் ஏறி அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கட்டின புடவையோடு வந்தது முதல் தப்பு

கோபத்தில் கிளம்பியவள் பீரோ சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தாள். அவளுடைய மார்க் ஷீட், ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக், அடகுச் சீட்டு எல்லாம் அதற்குள். குழந்தையை இங்கே ஸ்கூலில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றபோதுதான் உறைத்தது. நகல் வாங்க நாங்கள் இரண்டு முறை திருப்பூர் போய் அலைந்தோம்.

உயிருக்கு ஆபத்து என்றால் எதையும் பார்க்காமல் கிளம்பி விட வேண்டியதுதான். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம். 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். விட்டு வந்த சாமானை மீட்கவும், அந்த வீட்டிலேயே தங்கும் உரிமை கேட்கவும் அவர் மூலமாக மனுக் கொடுக்கலாம். வீடு மாமனார், மாமியார் பேரில் இருந்தாலும், சேர்ந்து குடித்தனம் நடத்திய வீடு என்றால் அந்த உரிமையைக் கேட்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படி ஆபத்து இல்லாதபோது, கோபத்திலும் அந்தக் காகிதப் பையை மட்டும் மறக்காதீர்கள்.

இருபது ரூபாய்ப் பத்திரம்

வந்த மூன்றாம் மாதம் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடிப் பஞ்சாயத்து வைத்தார்கள். சேர்த்து வைக்க முடியவில்லை. "சரி, தீர்த்து விட்டுடலாம்" என்று ஒரு பத்திரம் எழுதிக் கொண்டு வந்தார்கள். "இன்று முதல் எங்கள் இருவருக்கும் ஒட்டும் உறவும் இல்லை. ஒருவர் வாழ்வில் ஒருவர் குறுக்கிட மாட்டோம். நகை, சீர், ஜீவனாம்சம் எதுவும் பின்னால் கேட்க மாட்டேன்" என்று எழுதியிருந்தது. பதிலுக்கு ஒரு லட்சம் ரூபாய் ரொக்கம். அம்மாவோ, "போட்டுடுடி, விட்டது சனின்னு இருக்கும்" என்கிறாள். தங்கை பேனாவைக் கையில் எடுத்து விட்டாள்.

எங்கள் தெருவில் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ரிட்டையரான ஐயா ஒருவர் இருக்கிறார். அவரையும் மரியாதைக்குக் கூப்பிட்டிருந்தோம். அதுவரை பேசாமல் இருந்தவர், "அம்மா, அதைக் கொஞ்சம் இப்படிக் கொடு" என்று வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, "இது விவாகரத்து இல்லை. இதுல கையெழுத்துப் போட்டா நீ அவர் பெண்டாட்டி இல்லேன்னு ஆகிடாது. ஆனா உன் நகையை நீயே வேண்டாம்னு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும்" என்றார். மண்டபமே கப்சிப்.

அவர் பிறகு விளக்கமாகச் சொன்னார். சில சமூகங்களில் பரம்பரை வழக்கப்படி தீர்த்து விடுவதைச் சட்டம் ஒப்புக் கொள்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்பதைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். மற்றபடி பஞ்சாயத்து எழுத்தை நம்பி இன்னொரு கல்யாணம் செய்து கொண்டால் அது செல்லாது, குற்றமும் ஆகும். நீதிபதி கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்த தீர்ப்பு வேண்டும், அதுதான் விவாகரத்து.

இன்னொன்று. குழந்தைக்குச் சேர வேண்டிய ஜீவனாம்சத்தை அம்மா எழுதிக் கொடுத்து விட முடியாது. அது குழந்தையின் உரிமை.

ரிஜிஸ்தர் தபாலைத் திருப்பி அனுப்பாதீர்கள்

2022 ஆரம்பத்தில் கோர்ட்டிலிருந்து ரிஜிஸ்தர் தபால் வந்தது. வீட்டில் அம்மா மட்டும் இருந்தாள். "வாங்கினாத்தானே கேஸு, வாங்க மாட்டேன்" என்று தபால்காரரிடம் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக எங்களிடம் வேறு பெருமையாகச் சொன்னாள்!

சிரஸ்தார் ஐயாவிடம் சொன்னோம். மனுஷன் தலையில் அடித்துக் கொண்டார். "வாங்க மறுத்தார்" என்று தபால்காரர் எழுதி அனுப்பினால், சம்மன் சேர்ந்துவிட்டதாகவே கோர்ட்டு எடுத்துக் கொள்ளலாமாம். வாய்தா அன்று நாம் போகாவிட்டால் அவர் சொல்வதை மட்டும் கேட்டு எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்துவிடும். அப்புறம் அதை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும், தாமதத்துக்குக் காரணம் காட்ட வேண்டும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் கதைதான்.

அடித்துப் பிடித்துக் கொண்டு ஒரு பெண் வக்கீலைப் பார்த்தோம். திருப்பூரில் வழக்கு எண்ணைக் கண்டுபிடித்து, வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்பு வக்காலத்துப் போட்டார். கொடுமை செய்தாள் என்று மாப்பிள்ளை விவாகரத்துக் கேட்டிருந்தார். சின்னக் குழந்தையோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் திருப்பூர் போக முடியாது என்று உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, வழக்கைத் திருச்சிக்கு மாற்றிக் கொண்டோம். மனைவி தானே மனுப் போடுவதானால், தான் இப்போது குடியிருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே போட 2003 முதல் சட்டம் இடம் கொடுக்கிறது. இது எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்று யாரும் சும்மா இருக்க வேண்டாம். 1987-ம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டக் கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

வக்கீலிடம் எப்போதும் ஜெராக்ஸ் கொடுங்கள், அசல் உங்களிடம் இருக்கட்டும். கோர்ட்டு கேட்கும்போது மட்டும் அசலைக் காட்டலாம். வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால், என்ன எழுதப் போகிறார்கள் என்று தெரியாமல் போடாதீர்கள். "இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வக்கீல் பார்த்துக்குவார், செலவு குறையும்" என்று சொன்னால் சம்மதிக்க வேண்டாம். அவர் யாருக்காகப் பேசுவார்? ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தில் சி.என்.ஆர். எண் என்று ஒன்று உண்டு. அதைக் குறித்து வைத்துக் கொண்டால் செல்போனிலேயே அடுத்த வாய்தா தேதியைப் பார்த்துக் கொள்ளலாம். குமாஸ்தாவைக் கெஞ்ச வேண்டியதில்லை.

25 பவுன், கணக்கு எங்கே?

தாய் வீட்டில் போட்ட நகை, கல்யாணத்தில் பெண்ணுக்கு வந்த பரிசு எல்லாம் அவளுடைய சீதனம். அது புருஷன் வீட்டுச் சொத்து ஆகாது, அவர்களிடம் கொடுத்து வைத்திருந்தாலும் திருப்பித் தர வேண்டும் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் என்னென்ன நகை என்று காட்ட வேண்டுமே!

2014-ல் நகை வாங்கியபோது, பில் போட்டால் வரி சேரும் என்று அப்பா வெறும் எஸ்டிமேட் சீட்டில் வாங்கி வந்தார். கொஞ்சம் காசு மிச்சம். அந்தச் சீட்டும் கரையான் அரித்துப் போயிற்று. கல்யாண ஆல்பத்தைப் புரட்டி, போட்டோவில் தெரிந்த ஆரம், நெக்லஸ், வளையல் என்று எண்ணி எண்ணிப் பட்டியல் எழுதினோம். மாப்பிள்ளை தன் பேரில் அடகு வைத்த 14 பவுனுக்கு மட்டும், தங்கை செல்போனில் எடுத்து வைத்திருந்த அடகுச் சீட்டின் படம் இருந்தது. கடைசியில் அந்த 14 பவுன்தான் திரும்பி வந்தது. மீதி 11 பவுனுக்கு, "அவளே எடுத்துட்டுப் போயிட்டா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் அம்மாக்களே, சந்தேகப்பட்டு அல்ல, முறைக்காகச் செய்யுங்கள். நகைக்குப் பில் வாங்குங்கள். பெண் பேரிலேயே வாங்குங்கள். ஒவ்வொரு நகையும் எத்தனை கிராம் என்று ஒரு நோட்டில் எழுதிப் போட்டோ எடுத்து வையுங்கள். கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2009-ம் வருஷத்துச் சட்டப்படி அது கட்டாயம்.

ஓ.டி.பி. யாருக்குப் போகிறது?

தங்கைக்குத் தனியாக ஒரு பேங்க் கணக்கு இருந்தது. தையல் காசு, நாங்கள் கொடுத்த தீபாவளிக் காசு எல்லாம் சேர்ந்து 40 ஆயிரத்துக்கு மேல் இருக்கும் என்று நினைத்திருந்தாள். பேங்கில் போய்ப் பார்த்தால் 312 ரூபாய். கணக்கு ஆரம்பித்தபோது மாப்பிள்ளைதான் பாரம் பூர்த்தி செய்தார். அதில் கொடுத்திருந்த செல் நம்பர் அவருடையது! ஓ.டி.பி. அவருக்குத்தான் போயிருக்கிறது. ஏ.டி.எம். கார்டும் அவரிடம்.

அன்றே நம்பரை மாற்றி, பழைய கார்டை நிறுத்தினோம். ஜாயின்ட் கணக்கு என்றால் இன்னும் ஜாக்கிரதை. இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று இருந்தால் ஒருத்தரே மொத்தத்தையும் எடுத்துவிட முடியும். இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று மாற்றும்படி பேங்கில் எழுதிக் கொடுக்கலாம்.

கடன் விஷயம் அதைவிட மோசம். 2019-ல் மாப்பிள்ளை வாங்கிய கடனுக்கு இவளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தாள். அதில் 1,80,000 ரூபாய் பாக்கி. "விவாகரத்து ஆனா அது அவர் கடன்தானே?" என்று கேட்டோம். இல்லையாம். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவரை பேங்க் விடாது. புருஷன் பெண்டாட்டி பிரிந்ததற்கும் பேங்குக்கும் சம்பந்தமில்லை. அவர் கட்டாவிட்டால் இவள் பேரும் கெடும், நாளைக்கு இவளுக்கு ஒரு தையல் மிஷின் கடன் கூடக் கிடைக்காது.

குழந்தை பேரில் போஸ்ட் ஆபீசில் செல்வமகள் கணக்கு இருந்தது. காப்பாளர் அப்பாதான். வருஷம் 250 ரூபாயாவது கட்டினால்தான் கணக்கு உயிரோடு இருக்கும். யார் கட்டுவது, பாஸ்புக் யாரிடம் இருப்பது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கொள்ள வேண்டும். நாங்கள் எழுதிக் கொண்டோம்.

வருமானத்தை மறைத்தால்...

ஜீவனாம்ச மனு போட்டபோது மாப்பிள்ளை தன் சம்பளம் 12,000 என்று சொன்னார். 2020-ல் உச்ச நீதிமன்றம் ஒரு முறை வகுத்திருக்கிறது. ஜீவனாம்ச வழக்கில் இருவருமே தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தக் கடனுக்குச் சேர்ந்து கையெழுத்துப் போட்டதால் தங்கையிடம் விண்ணப்பத்தின் நகல் இருந்தது. அதில் மாப்பிள்ளை தன் கைப்பட மாத வருமானம் 28,000 என்று எழுதியிருந்தார். எந்தக் கடனால் அழுதோமோ அதே கடன் பேப்பர்தான் எங்களுக்குக் கை கொடுத்தது!

அம்மா சும்மா இருப்பாளா? "நீ தைக்கறதைச் சொல்லாதே, வருமானமே இல்லேன்னு எழுது" என்றாள். தங்கைக்கு ஜாக்கெட் தைப்பதில் மாதம் 4,000 வரும். வக்கீலம்மா கறாராகச் சொன்னார். "அவர் பொய் சொன்னார்னு நாம சொல்றோம். நாமளும் பொய் சொன்னா நீதிபதி யாரை நம்புவார்? கொஞ்சம் சம்பாதிக்கிறதால ஜீவனாம்சம் இல்லேன்னு ஆயிடாது." 4,000 என்றே எழுதினோம்.

வழக்கு முடியும் வரை இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம், வழக்குச் செலவும் கேட்கலாம். பல பெண்கள் மானம் பார்த்துக் கேட்பதே இல்லை. மனுப் போட்ட தேதியிலிருந்துதான் கணக்கு, அதனால் தள்ளிப் போடும் ஒவ்வொரு மாதமும் நமக்கு நஷ்டம். தங்கைக்கும் குழந்தைக்குமாக மாதம் 7,000 என்று உத்தரவாயிற்று. மனுப் போட்டு ஒன்பது மாதம் ஆகியிருந்ததால் 63,000 ரூபாய் பாக்கியும் சேர்ந்து வந்தது. குற்றவியல் சட்டப்படி ஜீவனாம்சம் கேட்பதை "125" என்று சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் அது 144-வது பிரிவு. எண் மாறியிருப்பதால் பயப்பட வேண்டாம்.

ஒரு விஷயம் பலர் தவறாக நினைக்கிறார்கள். விவாகரத்து என்றால் புருஷன் பேரில் உள்ள வீட்டில் தானாகப் பாதி வந்துவிடும் என்று. நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. இல்லத்தரசியின் உழைப்பும் சொத்துச் சேர்ப்பதில் பங்குதான் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அதை நம்பி ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டுவிடக் கூடாது. வீடு வாங்க நாம் நகை கொடுத்திருந்தால், அதை விற்ற ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

"முதல்ல டி.டி., அப்புறம் கையெழுத்து"

2023-ல் கோர்ட்டிலேயே உள்ள சமரச மையத்தில் பேசி, இருவரும் சம்மதித்துப் பிரிவதென்று முடிவாயிற்று. இதற்கு ஒரு வருஷமாவது பிரிந்து இருந்திருக்க வேண்டும். முதலில் சேர்ந்து மனு, பிறகு 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இரண்டாம் முறை வந்து சம்மதம் சொல்ல வேண்டும். அந்த 6 மாதத்தைத் தகுந்த காரணம் இருந்தால் கோர்ட்டு தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு ஆகும் வரை யாரும் மனம் மாறலாம், ஒருத்தர் சம்மதமில்லை என்றாலும் நடக்காது.

முதலில் 3 லட்சம் என்றார்கள். தங்கை களைத்துப் போய், "சரி, வாங்கிட்டு முடிச்சிடலாம்க்கா" என்றாள். அன்று ராத்திரி நானும் அவளும் குழந்தையின் நோட்டில் கணக்குப் போட்டோம். ஸ்கூல் பீஸ், வேன், துணி, வைத்தியம். 3 லட்சம் எத்தனை வருஷம் வரும் என்று பார்த்தபோது அவளே பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கடைசியில் இப்படி எழுதினோம். தங்கைக்கு 6 லட்சம், இரண்டு தவணையில். குழந்தைக்குத் தனியாக மாதம் 5,000, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டி, அவள் கல்யாணம் வரை. 14 பவுனை மீட்டுக் கொடுப்பது. கடனை அடைத்து, பாக்கி இல்லை என்று பேங்க் கடிதம் கொடுப்பது. குழந்தையை அப்பா மாதம் இரண்டு ஞாயிறு பார்ப்பது. எல்லாவற்றுக்கும் தேதி போட்டோம்.

கடைசி நாள் மாப்பிள்ளையின் மாமா வராண்டாவில் வந்து, "உள்ள போய்ச் சரின்னு சொல்லிடும்மா, ரெண்டாவது பணம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துரும். எங்க வார்த்தை வார்த்தைதான்" என்றார். பெரிய மனுஷர். எனக்கே மறுத்துப் பேச வாய் வரவில்லை. அத்தனை வருஷம் தலை குனிந்தே இருந்த என் தங்கை நிமிர்ந்து, "முதல்ல டி.டி. மாமா, அப்புறம் கையெழுத்து" என்றாள். ஒரு மணி நேரத்தில் டி.டி. வந்தது! அவள் கேட்காமல் இருந்திருந்தால் அந்தச் சாயங்காலம் வந்திருக்குமா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

பணத்தை அவள் பேரிலேயே டெபாசிட் போட்டோம். "என் பேர்ல இருக்கட்டும், நான் பார்த்துக்கறேன்" என்று கேட்டவர்கள் உண்டு. கொடுக்கவில்லை.

நான் செய்த தப்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். எங்கள் அப்பா 2018-ல் தவறிப் போனார். உயில் இல்லை. அவர் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் அம்மா, அண்ணன், நான், தங்கை நாலு பேருக்கும் சம பங்கு. காரியம் முடிந்த மாதமே அண்ணன் விடுதலைப் பத்திரம் கொண்டு வந்தார். "கூடப் பிறந்தவன்கிட்டப் பங்கு கேட்கிறதா" என்று நான் படிக்காமலே ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தங்கை அப்போது வரமுடியாததால் அவளுடையது தள்ளிப் போயிற்று.

2021-ல் அவள் குழந்தையோடு வந்து உட்கார்ந்த பிறகு, "உனக்கு நான்தானே சோறு போடறேன், கையெழுத்துப் போடு" என்று அண்ணன் மறுபடி ஆரம்பித்தார். அண்ணி முகம் திருப்பினார். சிரஸ்தார் ஐயா, "கஷ்ட காலத்துல மட்டும் சொத்துப் பத்திரத்துல கையெழுத்துப் போடாதே" என்று சொன்னதால் அவள் போடவில்லை. அந்தப் பங்கு இருந்ததால்தான் பின்பக்க அறையை யாரும் காலி செய்யச் சொல்ல முடியவில்லை. "அவளைக் கொஞ்ச நாள் விட்டுடுங்கண்ணா" என்று நான் பேசப் போனபோது அண்ணன் சொன்னார்: "உனக்கு இந்த வீட்ல என்ன பேச்சு? நீ எழுதிக் கொடுத்தாச்சு." அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வார்த்தை இன்னும் என் காதில் கேட்கிறது.

மனஸ்தாபத்தில் இருக்கும் பெண்ணிடம் புருஷன் வீடும் கையெழுத்துக் கேட்கும், பிறந்த வீடும் கேட்கும். "படிச்சுட்டு நாளைக்குப் போடறேன்" என்று சொல்லப் பழகிக் கொள்ளுங்கள்.

இன்னும் சில

வாட்ஸ்-அப்பில் திட்டி அனுப்பாதீர்கள். ஸ்டேட்டஸில் குத்திக் காட்டாதீர்கள். தங்கை ஆத்திரத்தில் அனுப்பிய நாலு வரியை அவர்கள் கோர்ட்டில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள்.

பணம் தரவில்லை என்பதற்காகக் குழந்தையை அப்பாவிடம் காட்ட மறுக்காதீர்கள். இரண்டும் தனித்தனி உத்தரவு. பணம் வராவிட்டால் அதற்கு மனுப் போடலாம். காட்ட மறுத்தால் நம் பேரில்தான் தப்பு வரும்.

தீர்ப்பு வந்ததும் முத்திரை போட்ட நகல் இரண்டு வாங்கி வையுங்கள். மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரை மறு கல்யாணப் பேச்சு வேண்டாம், எத்தனை நாள் என்று வக்கீலிடம் கேட்டுக் கொள்ளுங்கள். ரேஷன் கார்டில் பெயர் நீக்கி மாற்றுவது, ஆதாரில் விலாசம், பேங்க், இன்சூரன்ஸ் நாமினி இவற்றை உடனே பாருங்கள். விவாகரத்து ஆனதும் நாமினி பெயர் தானாக மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம். நாம்தான் பாரம் எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும்.

2024 ஆரம்பத்தில் தங்கைக்குத் தீர்ப்பாயிற்று. அதே பின்பக்க அறையில் இரண்டு மிஷின் போட்டுத் தைக்கிறாள். மாதம் 5,000 சில மாதம் தள்ளி வந்தாலும் வருகிறது. அழுத கண்ணோடு வந்தவள் இப்போது தெருப் பெண்களுக்கு பேங்க் பாரம் பூர்த்தி செய்து கொடுக்கிறாள்.

ஓ.டி.பி. கதை வெளிப்பட்ட வாரம் நானும் என் பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன். அதிலும் என் வீட்டுக்காரர் நம்பர்தான்! "இதை மாத்தணும்ங்க" என்றேன். "என்ன, நீயும் கிளம்பறியா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, "கிளம்பலை, ஆனா மாத்தணும்" என்றேன். மறுநாள் அவரே பேங்குக்குக் கூட்டிப் போய் மாற்றிக் கொடுத்தார். நல்லபடியாக இருக்கும்போது கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக் கொள்வதில்லை. சண்டை வந்த பிறகு கேட்டால்தான் அது சண்டையாகிறது.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் பாஸ்புக்கை ஒரு தரம் எடுத்துப் பாருங்கள், சகோதரிகளே!

- ஒரு வாசகி, லால்குடி.